முத்திரையைக் கழற்றி வைத்த ஆலை

கொடிகளும் ஆலைகளும் – 9

சென்ற பகுதியில் ஃபாலுன் தாமிரச் சுரங்கத்தைப் பார்த்தோம். 1347இல் மன்னர் மாக்னுஸ் வழங்கிய பட்டயம் அந்தச் சுரங்கத்துக்குப் பல நூற்றாண்டுகள் நிழல் தந்தது. அங்கே அடையாளம் என்பது அரியணையிலிருந்து இறங்கி வந்த உரிமை. ஃபாலுனுக்குத் தெற்கே, மேலாரன் ஏரிக்கரையில் உள்ள வெஸ்தெரோஸ் நகரத்தில் வளர்ந்த மின்பொறி நிறுவனத்துக்கு அப்படிப் பட்டயம் கொடுக்க எந்த மன்னரும் முன்வரவில்லை. அசேயா என்று உலகம் அறிந்த அந்த நிறுவனம் தன் அடையாளத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. நாற்பது ஆண்டுக் காலம் பெருமையாகச் சுமந்தது. 1933இல் தானே கழற்றியும் வைத்தது. அந்த அடையாளம் சுவஸ்திகம். ஒரு தொழில் நிறுவனம் தன் முத்திரையை வரையலாம், பதிவு செய்யலாம், துணியில் பொறித்துக் கொடியாக ஏற்றலாம். ஆனால் அந்த முத்திரைக்குப் பொருள் கொடுக்கிறவர்கள் அதைப் பார்க்கிற மக்கள். அவர்கள் பொருளை மாற்றிக்கொண்டால், பதிவுப் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருந்தும் முத்திரை கைநழுவிப் போய்விடும். நிறுவனத்தின் உண்மையான சொத்து வேறிடத்தில் இருக்கிறது. அசேயாவின் வரலாறு இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர மெய்ப்பிக்கிறது என்பதே இந்தப் பகுதியின் வாதம்.

கதை 1883இல் ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. லுட்விக் ஃப்ரேட்ஹோல்ம் என்பவர் அங்கே ஒரு சிறிய மின் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் நம்பியிருந்த பெரிய மூலதனம், யோனாஸ் வென்ஸ்ட்ரோம் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த டைனமோ. 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியைப் பார்த்துத் திரும்பிய வென்ஸ்ட்ரோம், அடுத்த ஆண்டே தன் டைனமோவைச் செய்து முடித்தார். அதன் உருண்டு திரண்ட தோற்றத்தைப் பார்த்தவர்கள் அதை ‘ஆமை’ என்றே அழைத்தார்கள். 1889இல் யோனாஸின் சகோதரர் யோரான் வென்ஸ்ட்ரோமும் குஸ்தாவ் கிரான்ஸ்ட்ரோமும் வெஸ்தெரோஸில் இன்னொரு மின் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1890இல் இரண்டும் இணைந்தன. ‘பொது ஸ்வீடிய மின் நிறுவனம்’ என்று பொருள்படும் நீண்ட பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் அசேயா. அதே காலத்தில் யோனாஸ் வென்ஸ்ட்ரோம் மும்முனை மின்சாரத்துக்கான ஜெனரேட்டர், மோட்டார், மின்மாற்றி ஆகிய மூன்றையும் ஒரே முறைமையாகச் சிந்தித்துக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆற்றில் விழும் நீரின் வலிமையைத் தொலைவிலுள்ள சுரங்கத்துக்குக் கம்பி வழியே கொண்டுசெல்ல முடியும் என்பதை 1893இல் ஹெல்ஷோன் நீர்மின் நிலையத்துக்கும் கிரெங்கெஸ்பெரி இரும்புச் சுரங்கத்துக்கும் இடையே அமைத்த மின்தொடர் ஸ்வீடனுக்குக் காட்டியது. அந்த ஆண்டே, 38 வயதில், யோனாஸ் மறைந்தார். ஹெல்ஷோன் என்ற அந்த ஊரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் அது மீண்டும் வரும்.

இந்த நிறுவனம் சுவஸ்திகத்தைத் தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது விநோதமான தேர்வாகத் தோன்றியிருக்காது. 1870களில் ஹைன்ரிஹ் ஷ்லீமன் ட்ராய் நகர இடிபாடுகளில் சுவஸ்திகம் பொறித்த பொருள்களைத் தோண்டி எடுத்த பிறகு, படித்தவர்களிடையே அது ஒரு தொன்மைச் சின்னமாகப் பரவியது. ஸ்காண்டிநேவியாவில் கிடைத்த பழைய அணிகலன்களிலும் கல்வெட்டுகளிலும் அதே வடிவம் இருந்தது. ஐஸ்லாந்து மொழியில் அதற்கு இடி தேவனான தோரின் சுத்தியல் என்று பெயர். இடியும் மின்னலும் தோரின் ஆயுதங்கள். மின்சாரத்தை விற்க வந்த ஒரு வடநாட்டு நிறுவனத்துக்கு இதைவிட இயல்பான படிமம் எளிதில் கிடைக்காது. நான்கு கரங்களும் ஒரே திசையில் வளைந்து சுழல்வதுபோல் தோன்றும் அந்த வடிவம், டைனமோவின் சுழற்சியையும் கண்முன் கொண்டுவருகிறது. அதில் இன வெறியும் இல்லை, அரசியலும் இல்லை. மோட்டார்களின் பெயர்த்தகடுகளிலும் நிறுவனத்தின் தாள்களிலும் அது நேர்த்தியின் அடையாளமாக உலகெங்கும் போனது. ஆனால் இங்கேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சின்னத்துக்கு அசேயா புதிதாக எந்தப் பொருளையும் கொடுத்துவிடவில்லை. தொன்மை, இடி, சுழற்சி என்று மக்கள் ஏற்கெனவே அதில் கண்ட பொருள்களைத்தான் கடனாக வாங்கித் தன் இயந்திரங்களின்மேல் ஒட்டிக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் ஒருநாள் திருப்பிக் கேட்கலாம் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

முத்திரை மாறாமல் இருந்த அந்த நாற்பது ஆண்டுகளில் நிறுவனம் மட்டும் ஒரே நிலையில் இருந்துவிடவில்லை. 1890களின் பிற்பகுதியில், பால் பிரிக்கும் இயந்திரத்தால் புகழ்பெற்ற குஸ்தாவ் தெ லவால் அசேயாவின் பெரும் பங்குகளை வாங்கினார். அவர் மேதைதான், ஆனால் பல புதிய முயற்சிகளில் ஒரே நேரத்தில் பணத்தைக் கொட்டியவர். அவர் பிடிக்குள் வந்த அசேயா தள்ளாடியது. வாலன்பெரி குடும்பத்தின் ஸ்டாக்ஹோம் வங்கி தலையிட்டு நிறுவனத்தைச் சீரமைத்தது. 1903இல் நிர்வாக இயக்குநராக வந்தவர் சிக்ஃப்ரீத் எட்ஸ்ட்ரோம். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகளில் பணியாற்றியவர். கோத்தன்பர்க் டிராம் சேவையை நடத்தியவர். அவர் தலைமையில்தான் அசேயா ஸ்வீடனின் அனைத்து மின்பொறித் துறைகளிலும் வேரூன்றியது. 1916இல் லுட்விகா நகரிலிருந்த ஒரு மின்பொறி நிறுவனத்தை வாங்கியது அந்த விரிவாக்கத்தின் ஒரு படி. அந்த ஊர் பிற்பாடு உலகின் உயர் அழுத்த மின்தொழில்நுட்பத்துக்கே தலைநகர்போல ஆனது. 1890களின் அசேயாவையும் 1920களின் அசேயாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உரிமையாளர் வேறு, மேலாளர் வேறு, அளவு வேறு, சந்தை வேறு. தகட்டில் இருந்த சுவஸ்திகம் ஒன்றே மாறவில்லை. முத்திரையை மட்டும் பார்க்கிற வரலாற்றாசிரியர் இந்த மாற்றங்களில் ஒன்றையும் காணமாட்டார். கொடி ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சியைக் காட்டுகிறது என்று நம்புகிறோம். பல நேரங்களில் அது தொடர்ச்சியின்மையை மூடி மறைக்கிறது.

இனி 1933. ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1920லேயே சுவஸ்திகத்தைத் தன் கொடியில் ஏற்றியிருந்தது. அது ஒரு கட்சியின் சின்னமாக இருந்தவரை, வெஸ்தெரோஸ் ஆலையின் முத்திரையோடு அது மோதியதாகச் சொல்ல முடியாது. உலகில் நூறு பேர் அதே வடிவத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலராகப் பதவியேற்றார். மார்ச் 12 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் வெளியிட்ட ஆணை, பழைய பேரரசின் கறுப்பு வெள்ளை சிவப்புக் கொடியோடு சுவஸ்திகக் கொடியையும் சேர்த்துப் பறக்கவிடச் சொன்னது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்கில் இயற்றிய சட்டம் அதையே ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடியாக்கியது. அசேயா 1935வரை காத்திருக்கவில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்த அந்த ஆண்டிலேயே தன் முத்திரையிலிருந்து சுவஸ்திகத்தை எடுத்துவிட்டது. போர் மூளவில்லை, வதை முகாம்களின் முழுக் கொடூரத்தை உலகம் அறியவில்லை, ஸ்வீடன் அரசு எதையும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள அடையாளத்தைக் கைவிட ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்ட காலம் சில மாதங்கள். கொடியாக ஏறிய ஒரு சின்னம் இனி எல்லார் கண்ணிலும் எப்படித் தெரியும் என்பதை அந்த ஆலையின் பெரியவர்கள் முன்கூட்டியே கண்டார்கள் என்பதற்கு, அந்த ஆண்டைவிட வலுவான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்; தமிழ் வாசகர்களிடமிருந்து அது இன்னும் உரக்கவே எழும். முதலில் பயன்படுத்தியவன் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? திருடியவனிடம் பொருளை ஒப்படைத்துவிட்டு உரியவன் ஒதுங்கிப் போவது நியாயமா? ஹரப்பா முத்திரைகளில் இருந்த வடிவம், சமணர்களுக்கு ஏழாம் தீர்த்தங்கரரின் அடையாளம், இந்து வீடுகளின் வாசலில் மங்கலக் குறி, அதை ஒரு கட்சியின் 25 ஆண்டு அட்டூழியத்துக்காகத் துறக்க முடியுமா? திருச்சிக்கு அருகே திருவெள்ளறையில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு, நான்கு பக்கமும் வளைந்திறங்கும் படிகளோடு சுவஸ்திக வடிவில்தான் இருக்கிறது. சுமார் 1,200 ஆண்டுகளாக நிற்கும் அந்தக் கிணற்றை யாரும் வெட்கத்தோடு பார்க்க வேண்டியதில்லை. இந்த மறுப்பில் உள்ள நியாயத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது அசேயாவுக்குப் பொருந்தாது என்பதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சின்னத்தின் பொருளை ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான கைகள் புதுப்பித்துக்கொண்டிருக்கின்றன: கோலத்தில், கணக்குப் புத்தகத்தில், கோயிலில், திருமண அழைப்பிதழில். பொருள் கொடுக்கிற சமூகம் உயிரோடு இருக்கிறது. ஆகவே சின்னமும் அவர்களுடையதாகவே இருக்கிறது. 1933இன் ஐரோப்பாவில் தோரின் சுத்தியலை வணங்குகிற சமூகம் எங்கே இருந்தது? அசேயாவின் சுவஸ்திகம் அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய படிமம். அதற்குப் பின்னால் நிற்க ஒரு வழிபாடோ வழக்கமோ இல்லை. திருவெள்ளறைக் கிணறு தன் பொருளைக் காத்துக்கொண்டதும், வெஸ்தெரோஸ் ஆலை தன் முத்திரையை இறக்கி வைத்ததும் ஒரே விதியின் இரண்டு விளைவுகள்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். இதில் என்ன தொலைநோக்கு, இது வெறும் வியாபாரக் கணக்குதானே என்று கேட்கலாம். இந்தச் சந்தேகத்துக்கு வலுவான ஆதாரமும் உண்டு. எட்ஸ்ட்ரோம் தொழிலதிபர் மட்டுமல்லர். உலகத் தடகள அமைப்பை 1912இல் உருவாக்கியவர்களில் முதன்மையானவர், பிற்காலத்தில், 1946 முதல் 1952 வரை, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர். யூதர்களை ஒடுக்கும் ஜெர்மனியில் 1936 ஒலிம்பிக்கை நடத்தக் கூடாது, புறக்கணிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தபோது, அந்தப் புறக்கணிப்பை எதிர்த்து நின்றவர் அவர். ஆகவே முத்திரையை மாற்றியது நாஜிகளுக்கு எதிரான அறப்போராட்டம் என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தப் பெருமையை அசேயாவுக்குத் தர எனக்கு மனமில்லை. சான்றுகளும் இடம் தரவில்லை. ஆனால் என் வாதத்துக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை. அறச்சீற்றமே இல்லாத ஒரு நிறுவனத் தலைமைகூட, வெறும் விற்பனைக் கண்ணோடு பார்த்தே, முத்திரையின் பொருள் தன் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டது என்றால் அந்த உண்மை இன்னும் உறுதியாகிறது. விலைப்பட்டியலோடும் ஒப்பந்தத்தோடும் வாழ்கிற மனிதர்கள், வாங்குகிறவர் கண்ணில் என்ன படுகிறது என்பதை எல்லாருக்கும் முன்பு அறிவார்கள். ஒரு செயலின் நோக்கம் சிறியதாக இருந்தாலும் அது வெளிக்காட்டும் விதி பெரியதாக இருக்கலாம்.

மூன்றாவது மறுப்பு, விட்டுக்கொடுக்காதவர்களைச் சுட்டிக்காட்டும். ஸ்வீடிய பிரபு எரிக் வான் ரோசென் 1918 மார்ச்சில் பின்லாந்துக்கு அன்பளித்த விமானத்தின் சிறகில் தன் நற்பேற்றுச் சின்னமாக நீல சுவஸ்திகத்தைத் தீட்டியிருந்தார். அதுவே பின்லாந்து விமானப்படையின் அடையாளமாயிற்று. 1914இல் பிறந்த ஐஸ்லாந்தின் கப்பல் நிறுவனமான எய்ம்ஸ்கிப், வெள்ளைத் துணியில் நீல சுவஸ்திகம் தாங்கிய நிறுவனக் கொடியை 1989வரை பயன்படுத்தியது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் யானை வாயிலில் 1901இல் செதுக்கிய சுவஸ்திகங்கள் இன்றும் இருக்கின்றன. இவர்களெல்லாம் அழிந்துபோகவில்லையே? உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றின் முடிவையும் பாருங்கள். பின்லாந்தின் விமானங்கள் 1945இல் அந்தச் சின்னத்தை இழந்தன. விமானப்படைத் தலைமையகத்தின் முத்திரையில் ஒதுங்கியிருந்த எச்சமும் 2017இல் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. கார்ல்ஸ்பெர்க் கல்லில் இருப்பதை வரலாறாக விட்டுவிட்டுத் தன் புட்டிகளிலிருந்து அதை நீக்கிக்கொண்டது. எய்ம்ஸ்கிப்பும் கடைசியில் கொடியை மாற்றவே செய்தது. நூறு ஆண்டுப் பழமையும் தூய்மையான தோற்றக் கதையும் இருந்தும், இவர்களில் யாராலும் பார்ப்பவர்களின் மனத்தை வெல்ல முடியவில்லை. ஒவ்வொரு புதிய தலைமுறைக்கும், ஒவ்வொரு வெளிநாட்டு விருந்தினருக்கும் “எங்களுடையது வேறு” என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமலே பேச வேண்டியதுதான் கொடி. விளக்கம் கேட்கிற கொடி ஏற்கெனவே பாதி இறங்கிய கொடி. அசேயா செய்ததெல்லாம், மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்துச் செய்ததை முதல் ஆண்டிலேயே செய்ததுதான்.

சரி, கழற்றி வைத்ததால் அசேயா எதை இழந்தது? இந்தக் கேள்விக்கான விடை முத்திரைகளில் இல்லை, லுட்விகாவின் சோதனைக் கூடத்தில் இருக்கிறது. ஊனோ லாம் என்ற பொறியாளர் பாதரச வில் வால்வில் அதிக அழுத்தத்தைத் தாங்கவைக்கும் ஒரு வழிக்கு 1929இல் காப்புரிமை பெற்றார். அப்போது தகட்டில் சுவஸ்திகம் இருந்தது. அந்தக் கருத்து நடைமுறைக்கு வர 25 ஆண்டுகள் பிடித்தன. இடையில் முத்திரை போயிற்று. நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து எட்ஸ்ட்ரோம் விலகினார். உலகப் போர் வந்து போனது. லாமின் குழு அதே மேசையில் அதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சிக்கல் இதுதான். கடலடிக் கேபிளில் மாறுதிசை மின்சாரத்தை அனுப்பினால், கேபிளே ஒரு பெரிய மின்தேக்கிபோல ஒவ்வொரு அலைக்கும் நிரம்பி வடிகிறது. தொலைவு கூடக் கூட, கேபிளை நிரப்பவே மின்னோட்டம் செலவாகி, மறுகரைக்குப் போய்ச் சேர எதுவும் மிஞ்சுவதில்லை. நேர்த்திசை மின்சாரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மாறுதிசையை நேர்த்திசையாக்கி, மறுகரையில் மீண்டும் மாறுதிசையாக்க, பேரழுத்தம் தாங்கும் வால்வுகள் வேண்டும். 1954இல் ஸ்வீடனின் பெருநிலத்துக்கும் கோட்லாண்ட் தீவுக்கும் இடையே, சுமார் 100 கி.மீ. கடலடியில், 100 கிலோவோல்ட் அழுத்தத்தில் 20 மெகாவாட் மின்சாரம் பாய்ந்தது. உலகின் முதல் வணிகரீதியான உயர் அழுத்த நேர்மின் தொடர் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1952இல், ஸ்வீடனின் வடகோடியிலிருந்த ஹார்ஸ்ப்ரோங்கெட் நீர்மின் நிலையத்திலிருந்து தெற்கே வந்த 380 கிலோவோல்ட் மின்தொடரும் உலகில் முதலாவதுதான். வாங்க வந்தவர்கள் பழைய முத்திரை எங்கே என்று கேட்கவில்லை. மின்சாரம் மறுகரைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள்.

அப்படியானால் முத்திரைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட முடியாது. அசேயாவின் வரலாற்றிலேயே அதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. 1953 பிப்ரவரியில் அசேயாவின் ஒரு சிறு குழு, பல்த்சார் வான் பிளாட்டென் வடிவமைத்த அழுத்தக் கருவியைக் கொண்டு செயற்கை வைரத்தை உருவாக்கியது. கிடைத்தவை மணல் துகள்போலச் சிறியவை. ஆலை அதை வெளியே சொல்லாமல் ரகசியமாக வைத்துக்கொண்டது. 1955 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் செயற்கை வைரத்தை உலகுக்கு அறிவித்தது. புகழ் அங்கே போனது. கொடி நாட்டாதவனுக்கு நிலம் இல்லை என்ற பாடத்தை இதிலிருந்து எடுக்கலாம். ஆனால் இந்த நிகழ்ச்சியை இன்னும் நெருங்கிப் பார்த்தால் என் வாதத்தின் எல்லை தெளிவாகும். அசேயா அங்கே இழந்தது பெயரை. செய்யும் திறனை அது இழக்கவில்லை. அந்த உயரழுத்தக் கருவிகளைச் செய்யும் அறிவு ஆலைக்குள்ளேயே வளர்ந்து தனித் தொழிலாகவும் ஆனது. முத்திரை என்பது செய்த வேலைக்கு உரியவர் யார் என்று உலகிடம் சொல்லும் குரல். குரல் தேவை, பேசாமல் இருந்தால் கேட்பாரில்லை. ஆனால் குரலை மாற்றிக்கொள்ளலாம், கடன் வாங்கலாம், ஒரு தடவை இழந்தாலும் மறுபடி பெறலாம். வேலைத் திறனை அப்படி மாற்றிக்கொள்ள வழியில்லை. இந்த வேறுபாட்டைத்தான் 1933இன் முடிவு சரியாகப் புரிந்துகொண்டிருந்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் முத்திரையோடு பெயரும் போயிற்று. 1974இல் அசேயா நுண்செயலியால் இயங்கும் முழு மின்சாரத் தொழிற்சாலை ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெற்கு ஸ்வீடனின் கெனார்ப் என்ற சிற்றூரில் எஃகுக் குழாய் வளைவுகளை மெருகேற்றும் ஒரு சிறு பட்டறை அதன் முதல் வாடிக்கையாளர்களுள் ஒன்று. பெர்சி பார்னெவிக் 1980இல் தலைமைக்கு வந்தார். 1987 ஆகஸ்டில் ஒரு செய்தி ஐரோப்பாவைத் திடுக்கிட வைத்தது: சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் 1891இல் பிறந்த பிரவுன் பொவெரி நிறுவனத்தோடு அசேயா சரிபாதியாக இணைகிறது. 1988 ஜனவரியில் ஏபிபி பிறந்தது. தலைமையகம் சூரிக்கில், அலுவல் மொழி ஆங்கிலம், கொடியில் மூன்று சிவப்பு எழுத்துகள். ‘பொது ஸ்வீடிய மின் நிறுவனம்’ என்ற பெயரில் மிஞ்சியது முதல் எழுத்து ஒன்றே. ஸ்வீடனில் பலருக்கு அது வலித்தது. அந்த வலியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஒரு நாட்டின் பெயரைத் தன் பெயருக்குள் வைத்திருந்த நிறுவனம் அந்தப் பெயரை விட்டுப் போவது வெறும் எழுத்து மாற்றமாகாது. ஆனால் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. வெஸ்தெரோஸில் அசேயா வளர்த்த ரயில் தொழில் அடுத்தடுத்துக் கைமாறி, இன்று பிரெஞ்சு நிறுவனமான ஆல்ஸ்டாமிடம் இருக்கிறது. அசேயா ஆட்டம் என்ற பெயரில் பிறந்த அணு எரிபொருள் ஆலை 2000 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கொடியின்கீழ் இயங்குகிறது. லுட்விகாவின் மின்மாற்றிகளும் நேர்மின் தொழில்நுட்பமும் 2020இல் ஜப்பானின் ஹிட்டாச்சி வசமாயின. ஒரு தாய் ஆலையின் பிள்ளைகள் நான்கு கொடிகளின்கீழ் நிற்கிறார்கள். பலரும் பிறந்த ஊரிலேயே நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு கம்பி இணைப்பு உண்டு. அதையும் சான்றாக வைக்கிறேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர்வரை, சுமார் 1,800 கி.மீ. நீளத்துக்கு 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் சுமக்கும் நேர்மின் தொடர் ஓடுகிறது. அதை அமைக்கும் ஒப்பந்தம் ஏபிபிக்கும் நம் பெல் நிறுவனத்துக்கும் சேர்ந்து கிடைத்தது. வேலை முடியும் தறுவாயில் ஏபிபியின் அந்தப் பிரிவு ஹிட்டாச்சிக்குப் போய்விட்டது. ஒப்பந்தத்தில் ஒரு கொடி, முடிவில் இன்னொரு கொடி. ஆனால் 1929இல் லாம் தொடங்கிவைத்த அறிவின் தொடர்ச்சி அறுபடவில்லை. கோட்லாண்டின் 20 மெகாவாட்டிலிருந்து புகளூரின் 6,000 மெகாவாட்டுக்கு, முந்நூறு மடங்குக்கு, அது ஏறி வந்திருக்கிறது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஹெல்ஷோனும் இங்கேதான் திரும்பி வருகிறது. ஏபிபி தன் புதிய வகை நேர்மின் தொழில்நுட்பத்தை 1997இல் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க, 3 மெகாவாட் அளவில் 10 கி.மீ. நீளச் சோதனைத் தொடர் ஒன்றை அமைத்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஹெல்ஷோனுக்கும் கிரெங்கெஸ்பெரிக்கும் இடைப்பட்ட வழி. 1893இல் வென்ஸ்ட்ரோமின் மும்முனை மின்சாரம் ஓடிய அதே இரண்டு ஊர்கள். இடையில் 104 ஆண்டுகள். பழைய முத்திரை இல்லை, பழைய பெயர் இல்லை, தலைமையகம் வேறு நாட்டில். வேலை மட்டும் தன் வழியை மறக்கவில்லை.

கொடி எதற்காக என்ற கேள்வியோடு இந்தத் தொடர் தொடங்கியது. அசேயாவைப் பொறுத்தவரை என் விடை இது: கொடி என்பது ஆலை தன்னைப் பற்றி உலகிடம் சொல்லிக்கொள்வது, உலகம் கேட்கிறவரையில்தான் அந்தச் சொல்லுக்கு ஆயுள். ஆலை உண்மையில் என்னவாக இருந்தது என்பதை அறிய, அங்கே வேலை செய்தவர்களைப் பார்க்க வேண்டும். வெஸ்தெரோஸ் மக்கள் இதைத் தங்கள் வழியில் சொல்லியிருக்கிறார்கள். நகரின் பெரிய சதுக்கத்தில் ‘அசேயா வெள்ளம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சிற்பம் இருக்கிறது. சங்கு ஊதியதும் ஆலை வாயிலிலிருந்து ஆறுபோலப் பெருகி வந்த தொழிலாளர்கள், குனிந்த முதுகோடு, சைக்கிள் மிதித்துக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள். சிற்பம் எழுந்த ஆண்டு 1989; அசேயா என்ற பெயர் மறைந்த அடுத்த ஆண்டு. நினைவுச்சின்னம் எழுப்ப அந்த நகரத்துக்கு முத்திரைகள் இருந்தன, கொடி இருந்தது, நிறுவனர்களின் முகங்கள் இருந்தன. அது தேர்ந்தெடுத்தது சைக்கிளில் வீடு திரும்பும் மனிதர்களை.

(தொடரும்)

அடுத்த பகுதியில்: 1907இல் கோத்தன்பர்க்கில் ஸ்வென் விங்க்விஸ்ட் கண்டுபிடித்த பேரிங், அது உருவாக்கிய மூன்றெழுத்து நிறுவனம்.